பதினேழாம் கதிரைக்காரர்

லண்டன் மனோர் பார்க் முருகன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து, கிழக்கே திரும்பி நின்று, உரத்த குரலில் சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால், போன வருடம் புரை எடுத்த வலக்கண்ணும், வருகிற வருடம் எடுக்கவிருக்கும் இடக்கண்ணும் ஒன்றாகப் போகட்டும். பெயர்களைக்கூட மாற்றவில்லை. மாற்றச் சொல்லிக் கெஞ்சியவர்கள் இருவர். அவர்களுடைய பெயர்களைத்தான் முதலில் எழுதி வைத்தேன்.

நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. தபால் பிரிக்கும் இடத்தில் அதிகாலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்த சண்முகராசா, செவன் கிங்ஸில் வைத்தியநாதன் வீட்டு முன்னறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வைத்தியநாதன் இருபத்திரண்டு வருடம் தெருத்தெருவாக நடந்து, பிழையான இடத்தில் நிறுத்திய கார்களுக்குத் தண்டச்சீட்டு எழுதியவர். காரின் முன்கண்ணாடியைப் பார்த்தே, சாரதி எத்தனை மணிக்குப் போனவர், திரும்பி வந்து என்ன பொய் சொல்லப்போகிறார் என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றபின், தொலைந்த நகை, தொலைந்த நாய், தொலைந்த மருமகன் என்று எல்லாவற்றுக்கும் சனம் அவரிடம்தான் வந்தது.

கண்டுபிடிப்பது வைத்தியநாதன். கூடவே ஓடித் திரிந்து, கதவு தட்டி, கண்டுபிடித்த நாயிடம் கடியும் வாங்கியவர் சண்முகராசா. ஆனால் கலியாண வீடுகளில் "இவர்தான் அந்த வைத்தியநாதன்" என்று விரலால் காட்டுவார்கள். சண்முகராசாவைப் பார்த்து, "நீங்களும் வந்தனீங்களோ?" என்பார்கள். இதில் தனக்குப் பொறாமை என்று சண்முகராசா ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. நெஞ்சுக்கு நடுவில் காஸ் அடுப்பு சின்னத் தீயில் எரிவதுபோல ஏதோ ஒன்று. டொக்டரிடம்கூடக் காட்டியிருந்தார்.

மணி அடித்தது. வந்தவள் சிவரூபினி. பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள் (அன்று லீவு போட்டிருந்தாள்), மற்ற நேரத்தில் கலைஞர். தூரிகை பிடிக்காத கலைஞர்.

"அங்கிள், என்ர வேலையில இருந்து ஒரு சாமான் களவு போயிட்டுது."

"என்ன வேலை, பிள்ளை?" என்றார் சண்முகராசா.

"நூறு கதிரை."

"கதிரை போனதோ?"

"இல்லை. கதிரையில இருந்த கண்ணாடி. மூக்குக்கண்ணாடி."

சண்முகராசா கோப்பையை டக்கென்று வைத்தார். "அண்ணை, இவளை நம்பாதேங்கோ. போன வருசம் ஒரு பூட்டின கதவுக்கு முன்னால தன்ர சிநேகிதியள் மூண்டு பேரை வரிசையில நிப்பாட்டினவள். அரை மணித்தியாலத்தில எழுபது பேர் பின்னால நிண்டவை. கதவுக்கு அங்கால சுவர்! அதுதானாம் கலை!"

"உமக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் வைத்தியநாதன்.

சண்முகராசா தொண்டையைச் செருமினார். வரிசையில் அவர் இருபத்துமூன்றாவது ஆள். நாற்பது நிமிடம் நின்றிருந்தார்.

சிவரூபினி சிரிக்கவில்லை. "அதுதான் அங்கிள் பிரச்சினை. எல்லாரும் இதையும் என்ர பகிடி எண்டினம்."

அவள் செய்திருந்தது இதுதான். எங்கள் ஆட்களின் கலியாணத்துக்கோ அரங்கேற்றத்துக்கோ போனால், முதலில் வருபவர் பக்கத்து நாற்காலிகளில், எங்கள் பேச்சில் கதிரைகளில், லேஞ்சி என்கிற கைக்குட்டை, கைப்பை, பிள்ளையின் காலுறை என்று எதையாவது போட்டுவிட்டு, "ஆள் வருது" என்பார். அதன்பிறகு அந்த இடத்தில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். மனிதருக்குக் கொடுக்காத மரியாதையை ஒரு லேஞ்சிக்குக் கொடுக்கும் சனம். சிவரூபினி மனோர் பார்க்கில் ஒரு மண்டபத்தை ஐந்து நாளுக்கு எடுத்து, நூறு கதிரை போட்டு, நூறு பேரிடம், "நீங்கள் காத்திருக்கிற ஒருவருக்கு இடம் பிடித்து வையுங்கள்" என்று கேட்டாள். 'ஆள் வருது' என்று அந்தக் காட்சிக்குப் பெயர்.

"ஒரு அம்மா ஒற்றைச் செருப்பு வச்சிருக்கிறா," என்றாள் சிவரூபினி. "ஆருக்கெண்டு நான் கேக்கேல்லை. ஒருத்தரும் தொடமாட்டினம் எண்டு நூறு பேருக்கும் வாக்குக் குடுத்தனான். நேற்று பதினேழாம் கதிரைக் கண்ணாடி போனதில இருந்து ஆக்கள் போன் எடுத்துத் தங்கட சாமானைத் திருப்பித் தா எண்டினம். ஞாயிறு கடைசி நாள். அதுக்குள்ள கண்டுபிடிக்காட்டி எல்லாரும் எடுத்துக்கொண்டு போயிடுவினம். பேந்து என்னை நம்பி ஒரு லேஞ்சிகூடத் தரமாட்டினம்."

வைத்தியநாதன் எழுந்து தொப்பியை எடுத்தார். சுவர் நாட்காட்டிக்குப் பக்கத்தில் இருந்த கடிகாரம் பத்தரை காட்டியது.

ரெயிலில் ஏழு நிமிடம். பிறகு நடை. வழியில் நின்ற கார்களை வைத்தியநாதன் பழைய பழக்கத்தில் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். மண்டபத்துக்குள் நுழைந்தபோது சுவர் மணிக்கூடு பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் என்றது. "உங்களோட நடந்தால் பகல் முடிஞ்சிடும் அண்ணை," என்று சண்முகராசா முணுமுணுத்தார்.

உள்ளே நூறு கதிரைகள். மேலே சாவிக்கொத்து, பால்போத்தல், கிரிக்கெட் பந்து, கலியாண அழைப்புக் காட், ஒற்றைச் செருப்பு. வெறுமையாக இருந்தது முன்வரிசையில் பதினேழாம் இலக்கம் மட்டும். சுவரில் விதிகள் ஒட்டியிருந்தன: வைத்தவர் யாருக்கென்று சொல்லத் தேவையில்லை. யாருக்காக வைத்ததோ அவர் மட்டும் வந்து எடுத்துவிட்டு அமரலாம். அதுவரை வேறெவரும் தொடக்கூடாது.

சண்முகராசா கதிரைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். நூறு பேருக்கு இடம் பிடித்திருந்தது. தனக்கு யாரும் பிடித்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. அடுப்பு கொஞ்சம் கூட எரிந்தது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பிலோமினம்மா செபமாலையும் கையுமாக வந்தார். "வேலை நாளில பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும், தம்பி. நான்தான் காவல். நேற்று மணிக்கூட்டைப் பாத்தனான், சரியா மூண்டு. தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனன். கால் மணித்தியாலத்தில வந்து பாக்கிறன், கண்ணாடி இல்லை."

"மணிக்கூட்டைத் தவிர வேற ஏதும் பாத்தனீங்களோ? போன்?"

"எனக்கேன் போன்? மணிக்கூடு இருபது வருசமா ஓடுது. இடைக்கிட மாத்த வேணும், ஏணியில ஏறப்படாது எண்டு இன்சூரன்ஸ்காரன் சொல்லிப்போட்டான்."

பின்வரிசையில் ஒருவர் கைகட்டி நின்றார். றமணன், ஓவியர். ஒரு மாம்பழத்தை ஆறு கிழமை இருந்து படமாகக் கீறுபவர். கீறி முடிய மாம்பழம் அழுகிவிடும். அழுகலையும் அச்சொட்டாகக் கீறியிருப்பார். காட்சி தொடங்கியதிலிருந்து நாள்தவறாமல் வந்து, ஒவ்வொரு கதிரையாகப் பார்த்து, "இதில பாக்க ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்.

"களவோ? விளம்பரம்!" என்றார் றமணன். "நான் முப்பது வருசமாக் கீறுறன். ஒரு படத்தைக்கூட ஒருத்தனும் களவெடுக்கேல்லை. இவளின்ர கதிரையில களவு! அதுக்கும் குடுத்து வைக்க வேணும்."

"நேற்று மூண்டு மணிக்கு எங்கை நிண்டனீங்கள்?" என்று சண்முகராசா பாய்ந்தார்.

"ஒண்டரையில இருந்து மூண்டுக்குப் பத்து வரைக்கும் முதியோர் நிலையத்தில வகுப்பு. முப்பது பேர் சாட்சி. பேந்து நடந்தனான்."

"தனியவோ?"

"நல்ல கலைஞன் தனியத்தான் நடப்பான்."

சண்முகராசா வைத்தியநாதனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். வைத்தியநாதன் வேறொன்று கேட்டார். "றமணன், பதினேழாம் கதிரையைப் பற்றி ஆரோடையும் கதைச்சனீங்களோ?"

றமணன் மீசையைத் தடவினார். "சச்சியின்ர கடையில சும்மா சொன்னனான். உன்ர மனுசி ஆரோ ஆம்பிளைக்கு முன்வரிசையில இடம் பிடிச்சு வச்சிருக்கிறா எண்டு. அவர் அரிசி மூட்டையைக் காலில போட்டவர்." அவர் முகத்தில் அன்றைய முதல் சிரிப்பு வந்தது.

கண்ணாடி வைத்தவர் நகுலேஸ்வரி. அவருடைய கணவர் சச்சிதானந்தனின் கடை மண்டபத்திலிருந்து மூன்று நிமிட நடை. ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் பாத்திரம் கழுவிச் சேர்த்துக்கொண்டு லண்டன் வந்து திறந்த கடை. திறந்த இருபத்தாறு வருடத்தில் பகலில் பூட்டியதே இல்லை என்று பெயர். சொந்த மகளின் கலியாணத்துக்கே இரவு கடை பூட்டிவிட்டு, தாலி கட்டி முடிந்தபிறகுதான் வந்தார். மத்தியானச் சாப்பாடு கல்லாவுக்குப் பின்னால், நின்றபடி.

கடையில் மேல்தட்டு விலைச்சீட்டுகள் வழக்கம்போல முழ நீள எழுத்தில் இருந்தன. சச்சிதானந்தனின் எழுத்து றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் தெரியும். கீழே, அன்று வந்த முருங்கைக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் போட்ட சீட்டுகளோ எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தன. சண்முகராசா மூக்கை முருங்கைக்காயில் முட்டக் கொடுத்துத்தான் விலை பார்த்தார். "என்ன சச்சியண்ணை, மைக்குப் பஞ்சமோ?"

சச்சிதானந்தன் முருங்கைக்காய்க் கட்டைத் தள்ளி வைத்தார். கண்கள் சிவந்திருந்தன. கண்ணாடி விசயத்தை வைத்தியநாதன் சொன்னதும், "எனக்கு அந்த ஹோல் எந்தப் பக்கம் எண்டே தெரியாது," என்றார். "எனக்கெங்கை நேரம்? வியாழக்கிழமை மூண்டு மணிக்கு மீன் வந்து இறங்கினது. இந்தா, இந்த மனுசனே நிண்டு பாரை மீன் வாங்கினவர்."

"ஓம் அண்ணை, நானே சாட்சி," என்றார் சண்முகராசா. "முதல் ரெண்டு மணிக்கு வந்தனான். கடை பூட்டிக் கிடந்தது. மழையில கொஞ்சம் நிண்டு பாத்திட்டு, கோயிலடிக்குப் போய் மூண்டுக்குத் திரும்பி வந்தன். அப்ப இவர் மீனோட நிண்டவர்."

"ரெண்டு மணிக்குச் சாப்பிடப் போனனான்," என்றார் சச்சிதானந்தன். பிறகு, கத்தரிக்காயை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டு, "அது சரி, அந்தக் கண்ணாடிக்காரன் ஆராம்?" என்றார்.

"விதிப்படி சொல்லத் தேவையில்லை," என்றார் வைத்தியநாதன்.

ஒரு கத்தரிக்காய் நசிந்தது.

அன்று பின்னேரம் வைத்தியநாதன் நகுலேஸ்வரிக்குப் போன் எடுத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. "தங்கச்சி, அது தூரத்துக்குப் போடுற கண்ணாடியோ, கிட்டப் பாக்கிறதோ?"

"கிட்டப் பாக்கிறது," என்றார் நகுலேஸ்வரி. கொஞ்சம் பொறுத்து, "வாறவர் வரேல்லையோ அண்ணை?" என்று கேட்டார்.

"வருவார்," என்று சொல்லிவிட்டு வைத்தியநாதன் போனை வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு நாளும் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி பார்த்தார். சண்முகராசா மட்டும் சனிக்கிழமை முழுவதும் றமணனைப் பின்தொடர்ந்து, அவர் ஒரு தோடம்பழத்தை ஐந்து மணித்தியாலம் உற்றுப் பார்த்ததைக் குறித்து வந்தார்.

ஞாயிறு, மூன்று மணிக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. சாமான் திருப்பி எடுக்க வந்தவர்கள் கையில் பைகளோடு நின்றார்கள். நூறு கதிரை இருக்க, வந்த அத்தனை பேரும் நின்றார்கள். ஒருவருக்காவது கால் நோகாமல் இல்லை. ஆனாலும் ஒருவராவது உட்காரவில்லை. சிவரூபினி சுவரோடு சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். நகுலேஸ்வரி முன்வரிசைக்குப் பக்கத்தில். சச்சிதானந்தன் கதவடியில், பாதி உள்ளே, பாதி வெளியே.

சண்முகராசா முந்திக்கொண்டார். "நான் சொல்லுறன். கள்ளன் றமணன்! மூண்டு மணிக்குச் சாட்சி இல்லாத ஒரே ஆள். காரணம் எரிச்சல். முப்பது வருச எரிச்சல்!"

"எரிச்சல் இருக்கிறது உண்மை," என்றார் றமணன் பெருமையோடு. "ஆனால் நான் எடுக்கேல்லை. எடுத்தால் அவளின்ர வேலையை நான் பாராட்டின மாதிரி ஆகிப்போகும்."

"அவர் எடுக்கேல்லை," என்றார் வைத்தியநாதன். "சண்முகம், வெள்ளிக்கிழமை நாங்கள் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டனாங்கள்?"

"பத்தரை."

"ஏழு நிமிச ரெயில். பத்து நிமிச நடை. என்ர நடைக்கு இன்னொரு பத்துப் போடும். இங்கை வரேக்க இந்த மணிக்கூடு என்ன காட்டினது?"

சண்முகராசா விரலில் எண்ணிப் பார்த்தார். "பன்ரெண்டுக்கு அஞ்சு."

"நீர் என்ர நடையில பழி போட்டனீர். பிழை மணிக்கூட்டில. ஒக்டோபர் கடைசி ஞாயிறு, குளிர்கால நேரத்துக்கு மாறவெண்டு, ஊர் முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைச்சவை. இதை வைக்க ஏணி வேணும். ஒருத்தரும் ஏறேல்லை. பிலோமினம்மா, நீங்கள் மூண்டு கிழமையா ஒரு மணித்தியாலம் முந்தியே வீட்டை போறீங்கள்."

"அதுதான் பஸ்ஸில இருக்க இடம் கிடைக்குது!" என்றார் பிலோமினம்மா.

"ஆகவே கண்ணாடி போனது மூண்டுக்கு இல்லை, ரெண்டுக்கு. ரெண்டு மணிக்கு றமணன் முப்பது பேருக்கு முன்னால நிண்டவர். அந்த நேரம் வேற ஒரு இடத்தில நடக்காத ஒண்டு நடந்தது. இருபத்தாறு வருசமாப் பகலில பூட்டாத கடை பூட்டிக் கிடந்தது. அதுக்கும் சாட்சி சண்முகம்தான்; மழையில நிண்டவர்."

எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது.

"அது மட்டும் போதாது," என்று வைத்தியநாதன் அமைதியாகத் தொடர்ந்தார். "சச்சி வருசக் கணக்கா முழ நீள எழுத்தில விலை எழுதுறவர். சின்ன எழுத்து எழுதினால் அவருக்கே தெரியாது. வெள்ளிக்கிழமைச் சீட்டு மட்டும் எறும்பளவு. ஒரு நாளைக்குள்ள ஒரு மனுசனுக்குக் கண் தெளிஞ்சிருக்கு. சச்சி, சட்டைப்பையில என்ன?"

சச்சிதானந்தன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மனைவிக்கு முன்னால் வந்தார். பையிலிருந்து கறுப்புப் பிரேம் கண்ணாடியை எடுத்து நீட்டினார். 

"ஓம், எடுத்தனான்! ஆர் இவன் எண்டு எனக்குத் தெரிய வேணும்! இருபத்தாறு வருசம் கடைக்குள்ள நிண்டு உழைச்சனான், நீர் இங்கை வந்து ஆரோ ஒருத்தனுக்கு முன்வரிசையில இடம் பிடிச்சு வைக்கிறீர்! போட்டுப் பாத்தனான். நல்ல கண்ணாடி. எல்லாம் வடிவாத் தெரியுது. அவனுக்கு ஒரு குறையும் வைக்காமல் வாங்கிக் குடுத்திருக்கிறீர்! கணக்குக் கொப்பி தெரியுது, அரிசி மூட்டையில இருக்கிற சின்ன எழுத்துத் தெரியுது. அதைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுது!"

நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"சச்சி," என்றார் வைத்தியநாதன். "வேற ஒருத்தன்ர கண்ணாடியில உமக்கு ஏன் வடிவாத் தெரியுது?"

சச்சிதானந்தன் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"மாசி மாதம் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் உங்கட கண்ணைச் சோதிச்சனான்," என்றார் நகுலேஸ்வரி. குரல் உயரவில்லை. "கண்ணாடி ரெடி, வந்து எடுங்கோ எண்டு கண்ணாடிக் கடைக்காரர் எட்டுத் தரம் போன் எடுத்தவை. நேரமில்லை எண்டிட்டீங்கள். நானே போய்ப் பிரேமும் பாத்து எடுத்தனான். வீட்டில தந்தால் மேசை லாச்சிக்குள்ளதான் போகும். மகளின்ர அரங்கேற்றத்துக்கும் கதிரை பிடிச்சு வைச்சனான். கலியாணத்துக்கும் வைச்சனான். எல்லாத்திலயும் என்ர கைப்பைதான் உங்கட இடத்தில இருந்தது. இதுக்கெண்டாலும் வருவீங்களோ எண்டு பாத்தனான்."

சச்சிதானந்தனுக்கு எதிரி கிடைத்துவிட்டான். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. மெல்லக் கண்ணாடியை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டார்.

"அப்ப களவு?" என்றார் சண்முகராசா.

"எங்கை களவு? விதியை வாசியும். ஆருக்காக வைச்சதோ அவர் வந்து எடுக்கலாம். அவர் வந்தார், எடுத்தார். ஒரு பிழைதான் விட்டவர். கதிரையில இருக்கேல்லை."

சிவரூபினி சுவரை விட்டு ஓடி வந்தாள். "அங்கிள், இருங்கோ! பிளீஸ், இருங்கோ!"

பதினேழாம் கதிரையில் சச்சிதானந்தன், பல்லுப் பிடுங்க வந்தவர்போல நுனியில் இருந்தார். பிலோமினம்மா குசினியிலிருந்து தன் முக்காலியை எடுத்துவந்து பக்கத்தில் போட, நகுலேஸ்வரி அதில் அமர்ந்தார்.

"கடை?" என்று அவர் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"பூட்டிப்போட்டுத்தான் வந்தனான்," என்றார் சச்சிதானந்தன். சாய்ந்துகொண்டார்.

சிவரூபினி தன் பட்டியலில் பதினேழுக்கு நேரே 'வந்திட்டார்' என்று எழுதினாள். பைகளோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒற்றைச் செருப்பு வைத்த அம்மா பையை மடித்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, செருப்பைத் தொட்டுச் சற்றே நேராக வைத்துவிட்டு வெளியே போனார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஒரு சாமானையும் யாரும் எடுக்கவில்லை.

"இதையும் அவள் முதலே திட்டம் போட்டிருப்பாள்," என்று றமணன் போகிறபோக்கில் சொன்னார். "எனக்கு இப்பிடி ஒண்டு அமையாது."

சண்முகராசா கதிரைகளுக்கிடையே நடந்தார். சாட்சி சொன்னது முழுக்கத் தானாயிருக்க, கண்டுபிடித்தது மறுபடியும் அண்ணை. அறுபத்திரண்டாம் கதிரையில் ஒரு பழைய பேனை கிடந்தது, கழுத்தில் கறுப்பு நூல் கட்டி. இருபத்திரண்டு வருடம் தண்டச்சீட்டு எழுதிய பேனை.

"அண்ணை, இது உங்கட எல்லோ? எப்ப வைச்சனீங்கள்?"

"முதல் நாள். நூறு பேரில நானும் ஒருத்தன்."

"ஆருக்கு?"

"விதிப்படி சொல்லத் தேவையில்லை."

"எடுத்துப் பாக்கட்டோ?"

"பிழையா எடுத்தால் தண்டம் எழுதுவன்," என்றார் வைத்தியநாதன், சுவர் மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்தபடி.

சண்முகராசா கதிரையை ஒருதரம் சுற்றி வந்தார். பிறகு பேனையை எடுத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, கதிரையில் அமர்ந்தார். நெஞ்சுக்குள் அடுப்பு அணைந்த சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. வைத்தியநாதன் தண்டம் எழுதவில்லை.

வருகிற வருடம் எடுக்கவிருக்கும் இடக்கண்ணை நினைத்து இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த மண்டபத்தின் சுவரில் மணிக்கூடு என்று ஒன்று என்றைக்கும் இருந்ததில்லை.